குடியேறுதலும் குடியாதலும்

கடல் கடந்து சென்று பொருளீட்டுதல் தமிழ் மக்களுக்குப் புதுவதன்று. இக்காலத்தும் நம் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றோருட் பலர் அயல்நாட்டுத் துறைமுக நகரங்களில் நெடுங்காலம் வாழப் புகுகின்றனர். அங்ஙனம் புகுவோர், ஊதியம் எத்துணை, வாடகை எத்துணை, விசா எத்தனை ஆண்டிற்கு என்று நுணுகி ஆராய்கின்றனர். 'அவ்வூரார்க்கு நாம் யாராவோம்?' என்று ஆராய்வார் மிகச் சிலரே. ஓரூரிற் குடியேறுதல் வேறு. அவ்வூர்க்குக் குடியாதல் வேறு. முன்னதற்குக் கப்பலோ விமானமோ போதும். பின்னதற்கு அவ்வூரார் மொழி வேண்டும் என்பது எம் கருத்து. இதனைத் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள டர்பன் நகர வரலாற்றால் விளக்க முயல்வாம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், சென்னையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க வந்தவர் அவர். 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றோர் தொகை ஒன்றரை இலக்கத்தின் மேற்பட்டது. அவருட் பெரும்பகுதியார் சென்னைத் துறைமுகத்தின் வழிச் சென்றோரே. ஒப்பந்தம் முடிந்தபின் பலர் தாய்நாடு திரும்பாது, காய்கறி பயிரிட்டும் மீன் பிடித்தும் கடை வைத்தும் அங்கேயே பிழைத்தனர். அங்ஙனம் தங்குவோரை நெருக்குதற்கென 1895-ல் ஆண்டிற்கு மூன்று பவுன் வரி விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1913-ல் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பயனாக அவ்வரி மறு ஆண்டில் ஒழிந்தது.

இத்துணை இடுக்கண் உற்றும் அவர்கள் கோயில் எடுத்தனர்; பள்ளி நிறுவினர்; காவடித் திருவிழாவை இன்றளவும் காத்து வருகின்றனர். இவை போற்றத்தக்கன. ஆயின், மொழி வகையில் நேர்ந்தது யாது? வீட்டிலே தமிழ் தலைமுறைதோறும் தேய, ஆங்கிலம் அதன் இடத்தைக் கொண்டது. அண்டையிலிருந்த ஜூலு மக்களோடு பேசுதற்கோ, 'பானகலோ' என்னும் கலவைமொழியே பலர்க்கும் கருவியாயிற்று. ஜூலுச் சொற்கள் மிகுதியாகவும் ஆங்கிலச் சொற்கள் சிலவாகவும் விரவிய அம்மொழி, வேலை ஏவுதற்கும் விலை பேசுதற்கும் அமைந்தது. அதனைக் கொண்டு ஒரு மூட்டை சோளம் விற்கலாம். மகனை இழந்த தாய்க்கு ஆறுதல் கூறல் இயலுமோ?

1949-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள், ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் இந்திய வணிகர் ஒருவர்க்கும் நேர்ந்த சிறு பூசல் அந்நகரிற் பெருங் கலகமாய் மூண்டது. அரசினர் கணக்கின்படி மாண்டோர் 142 பேர். அவருள் ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50. மொழியின்மையே இதற்குக் காரணம் என யாம் கூறேம். நிலமும் வீடும் வாக்குரிமையும் மறுத்து, இரு சாராரையும் ஒருவரோடொருவர் போட்டியிட வைத்த வெள்ளையர் ஆட்சியே முதற்காரணம். ஆயினும், அண்டை வீட்டாரோடு அளவளாவிய பழக்கம் பலர் நாவில் இருந்திருப்பின், அன்றைய கொடுமை சிறிதேனும் குறைந்திருக்கும் என்றே எண்ணுகின்றோம். அவ்விடைவெளி இன்னும் தூர்ந்தபாடில்லை. 2021 ஜூலையில் நிகழ்ந்த குழப்பத்தின்போது, டர்பனை அடுத்து இந்திய மரபினர் மிகுந்து வாழும் பீனிக்ஸ் பகுதியில் முப்பதின்மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருட் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். இதனை எழுதுங்கால் எம் உள்ளம் நாணுகின்றது.

'ஆங்கிலம் ஒன்றே போதாதோ?' என்பாரும் உளர். அலுவலகத்திற்கு அது போதும். அண்டை வீட்டு முற்றத்திற்குப் போதாது. 'தமிழ் பயிலும் நீவிர் அயல்மொழிக்குப் பரிந்து பேசுதல் முரணன்றோ?' என நகைப்பாரும் உளர். முரணன்று. 1706-ல் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலிலே தமிழெழுத்துப் பயின்றார். நம் கரைக்கு வந்த பிற நாட்டார் பலரை மறந்த நாம் அவரை நினைத்தற்கு அதுவும் ஒரு காரணமன்றோ? நம்மிடம் வந்தாரை எக்கோலால் அளந்தோமோ, நாம் செல்லுமிடத்தும் அக்கோலாலேயே அளக்கப்படுவோம்.

தாய்மொழியை விடுத்து அயல்மொழியைக் கொள்க என்றும் யாம் கூறவில்லை. தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், போற்றி வளர்த்தற்குரிய மொழிகளுள் தமிழையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. ஆனால், சட்டம் ஏட்டிலன்றிக் குழந்தையின் நாவில் மொழியை எழுத வல்லதன்று. அது தாய் தந்தையர் கடன். வீட்டிலே தமிழும் வீதியிலே அவ்வூர் மொழியும் வழங்குக என்பதே எம் வேண்டுகோள்.

ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் நாளெல்லாம் கரும்புக் கொல்லையில் உழன்று மெய் ஓய்ந்தவர். ஏடெடுத்து அயல்மொழி பயில அவர்க்குப் பொழுதேது? அவரைக் குறை கூறல் அறமாகாது. படிப்பும் பொழுதும் பொருளும் பெற்றுச் செல்லும் நமக்கு அச்சாக்கு உண்டோ? ஆதலின், அயல்நாடு செல்லக் கருதும் தோழர், பெட்டி கட்டுமுன் அந்நாட்டு மொழியில் நூறு சொல்லேனும் கற்பாராக. சென்றபின் நம்மவர் குடியிருப்பிலேயே அடைந்து கிடவாது, அவ்வூரார் மணத்திற்கும் பிணத்திற்கும் செல்வாராக.

கணியன் பூங்குன்றனார் பாட்டை மேடைதோறும் பெருமிதத்துடன் ஓதுகின்றோம். பிறர் ஊரை நம் ஊராகக் கொள்ளுதல் எளிது. ஊதியமே அதற்குப் போதிய தூண்டுகோல். அவ்வூரினரைக் கேளிராகக் கொள்ளுதலே அரிது. அவ்வரியதைச் செய்தவனே குடியாவான். ஏனையோன் எத்தனை யாண்டு அங்குத் தங்கினும் வழிப்போக்கனே.