பச்சை இலைப் படத்துக்கு உள்ளே பாலித்தீன்

புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி என எந்தப் பக்கம் போனாலும், பல டீக்கடைகளில் கண்ணாடி கிளாஸ் இருந்த இடத்தைப் பேப்பர் கப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காகிதம்தானே, மக்கிப்போகும் என்ற நம்பிக்கையில் குடித்தவர்கள் கசக்கி எறிகிறார்கள். சில கப்புகளில் பச்சை இலைப் படமும் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற வாசகமும் அச்சாகியிருக்கும்.

அந்த வாசகம் மக்களை ஏமாற்றுகிறது. வெறும் காகிதம் சூடான டீயைத் தாங்காது என்பதால், வழக்கமான பேப்பர் கப்பின் உட்புறத்தில் மெல்லிய பாலித்தீன் படலம் ஒட்டப்படுகிறது. ஒரு கப்பை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தால் அது கையோடு வரும். இப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் தெரிவித்தார்கள்.

தமிழ்நாடு அரசுக்கு இது முன்பே தெரியும். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது. துணிபோலத் தோன்றும் ‘நான்-ஓவன்’ பையும் இருக்கிறது. ஜவுளிக்கடையிலும், கல்யாண வீட்டுத் தாம்பூலத்திலும் துணிப்பை என்று நம்பி வாங்கிவரும் பைகளில் பல இந்த வகைதான். அது பருத்தியில்லை, பாலிப்ரொப்பிலீன். ஓரத்தில் நெருப்பு வைத்தால் தெரிந்துவிடும்: பருத்தி சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. அந்த மஞ்சப்பையின் நற்பெயரையும் சேர்த்தே இந்தப் போலித் துணி திருடுகிறது.

காகிதத்தில் படலமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் காகிதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். இதைக் கேட்கும் உரிமை புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் காகிதக் கூழுக்காகத் தைலமரம் வளர்க்கும் மாவட்டங்களில் இதுவும் ஒன்று. தோட்டத்துக்குள் மழைநீரைத் தேக்க உயர்த்தப்படும் வரப்புகள் வரத்துவாரிகளை மறித்து, கண்மாய்களுக்குத் தண்ணீர் வராமல் செய்கின்றன என்பது இங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. தைலமரங்களை அகற்றக் கோரிப் போராட்டங்களும் நடந்திருக்கின்றன. ஆனால் அரசுக் கணக்கேட்டில் இந்தத் தைலமரத் தோட்டமும் பசுமைதான். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரங்களின் கிளைப் பரப்பு 10 சதவீதம் மூடியிருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம் என்ற கேள்வி அதில் இல்லை. கண்மாய் நிரம்பியதா என்ற கேள்வியும் இல்லை.

இப்படிப் பசுமை வேடம் போடுவதில் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. ‘சுத்தமான டீசல்’ என்று விளம்பரம் செய்த ஃபோக்ஸ்வாகன், புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் பொருத்தியிருந்தது 2015-ல் அம்பலமானது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இத்தகைய போலிப் பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ‘இயற்கையானது’, ‘பசுமையானது’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று மொட்டையாகப் போட்டுவிட்டுப் போக முடியாது. ஆதாரம் வேண்டும், அது வாங்குபவர் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். சொல்வது பொருளைப் பற்றியா, அதைச் சுற்றியிருக்கும் உறையைப் பற்றியா என்பதும் தெளிவாக வேண்டும். பொய்யான விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

நடைமுறையில் தடை செய்யப்பட்ட கப்புக்கும் பைக்கும் அபராதச் சீட்டு போய்ச் சேர்வது பெரும்பாலும் டீக்கடைக்காரரிடமும் பெட்டிக்கடைக்காரரிடமும்தான். மொத்த வியாபாரி சொன்னதை நம்பி வாங்கியவர்கள் அவர்கள். கப்பைச் செய்து, அதன்மேல் இலைப் படம் அச்சடித்தவர் எங்கோ பாதுகாப்பாக இருக்கிறார். இது நியாயமில்லை. மாவட்ட நிர்வாகத்தின் சோதனை மொத்த விற்பனைக் கிடங்கிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே கிடைக்கும் அட்டைப்பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் முகவரியைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். வாங்குபவர்களும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். சொல்லும்போது பொருளின் படம், அதில் அச்சான வாசகம், தயாரிப்பாளரின் பெயர், வாங்கிய ரசீது ஆகியவை கையில் இருக்கட்டும்.