ஹாக்கி மட்டை: கடைத்தெருவிலா, கைபேசியிலா?

ஒரு ஹாக்கி மட்டையை எங்கே வாங்குவது? இக்கேள்வி இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் பள்ளி அணியை இரு கட்சிகளாகப் பிரித்துவிட்டது. கடைத்தெருவுக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே முறை என்றது ஒரு கட்சி. விரலால் தொட்டால் வீடு தேடி வரும் பொருளுக்காக வெயிலில் அலைவானேன் என்றது மறு கட்சி. இன்று இரு கட்சியினரும் ஒன்றாக அமர்ந்து இக்கட்டுரையை எழுதுகிறோம். யாரும் யாரையும் வென்றுவிடவில்லை. இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு தவறு செய்தோம், அவ்வளவே.

மட்டை என்றால் ஒரு வளைந்த கோல்தானே என்று எங்கள் தாய்மார் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. பன்னாட்டு விதிப்படி மட்டையின் எடை 737 கிராமுக்கு மேற்படக் கூடாது. நீளம் 105 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தினூடே மட்டை முழுவதும் நுழைந்து வெளிவர வேண்டும். அதன் முதுகு வளைவு 25 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. தட்டையான முகம் இடப்பக்கம் மட்டுமே இருக்கலாம். ஆகவே இடக்கைப் பழக்கமுள்ள தோழியும் வலக்கை மட்டையைத்தான் ஏந்த வேண்டும். (இடக்கை மட்டை எங்கே கிடைக்கும் என்று எங்களுள் ஒருத்தி இரண்டு நாள் இணையத்தில் தேடிய கதையை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்!)

இவையெல்லாம் விதி நூலில் உள்ளவை. விதி நூலில் இல்லாதவையே எங்களுக்குப் பெரும்பாடு. கோல்ஃப் ஆடுவோர் தம் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாமாம். ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்றை எடுப்பார்கள் போலும். எங்களுக்கோ ஒரே மட்டை. பந்தை அடிப்பதும் தடுப்பதும் தள்ளுவதும் தூக்குவதும் அதனாலேயே. அது எங்கள் உயரத்துக்கும் கைவலிமைக்கும் ஆடும் இடத்துக்கும் பொருந்தாவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் வீண்.

பொருத்தம் பார்ப்பது எப்படி என்பதை எங்களுக்குக் கற்பித்தவர் நம் ஊர்க் கடைத்தெருவில் சிறு விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். சென்ற ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பன்னிரண்டு பேர் அவர் கடையை அடைத்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொருத்தியையும் நேராக நிற்கச் சொன்னார். மட்டையைக் காலோரமாக நிறுத்தி, அதன் நுனி இடுப்பெலும்பைத் தொடுகிறதா என்று பார்த்தார். ஒருத்திக்கு 36 அங்குலம், ஒருத்திக்கு 36½, எங்கள் நெட்டைத் தோழிக்கு 37½. பின்பு மட்டையை ஒரு விரல்மீது கிடத்தி, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டினார். தலைப்பக்கம் கனத்தால் அடி வலுவாக விழும். ஆனால் மணிக்கட்டு சீக்கிரம் சோரும் என்றார்.

எங்களிற் பலர் கரிநார் மிகுந்த மட்டைகளையே கேட்டோம். விளம்பரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள் அல்லவா? அண்ணாச்சி தலையை அசைத்துவிட்டார். "கரிநார் கூடக் கூட மட்டை விறைப்பாயிடும்மா. அடிச்சா பந்து பறக்கும், சரி. ஆனா வர்ற பந்தை நிறுத்தணும்ல? விறைச்ச மட்டையில பந்து தெறிச்சு ஓடும். முதல்ல நிறுத்தப் படிங்க" என்றார். நம் பள்ளி மைதானம் மண் தரை என்பதையும் நினைவூட்டினார். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அதற்குப் பின் உலகத்து மட்டைகளும் ஆட்டமும் அத்தரைக்கேற்ப மாறிவிட்டன. முன்னாளில் முசுக்கட்டை மரத்தால் செய்த மட்டைகளையே எல்லாரும் ஏந்தினர். சரளைக் கல்லில் உராய்ந்தால் விலையுயர்ந்த கரிநார் மட்டையின் ஓரம் பொரிந்துவிடும். பெரிய விலைக்கு விற்றால் அவருக்குத்தானே இலாபம்? வேண்டாம் என்று அவரே சொன்னது எங்களுக்கு வியப்பாயிருந்தது.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எங்களோடு மன்றாடினார். "வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறோம் அண்ணாச்சி" என்று சொல்லி வந்தோம். அவர் சொன்ன நீளம், எடை, வகை எல்லாவற்றையும் ஒருத்தி தாளில் குறித்து வைத்திருந்தாள். அன்றிரவே அத்தாளைப் பார்த்து ஒருத்தியின் தமக்கையுடைய கைபேசியில் தேடினோம். மட்டை ஒன்றுக்கு ரூ.350 குறைவு. பன்னிரண்டு மட்டைக்கு ரூ.4,200. எங்கள் பெற்றோரின் வருவாயை எண்ணிப் பார்க்கும்போது இது சிறு தொகை அன்று. பணத்தைத் திரட்டினோம், இணையத்தில் வாங்கினோம்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பொதிகள் முதல் இடைப்பருவத் தேர்வு வாரத்தில் வந்தன. தேர்வு முடியட்டும் என்று விடுதிப் பொறுப்பு அருட்சகோதரி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பத்தாம் நாள் பிரித்தபோது பன்னிரண்டில் மூன்று மட்டைகள் மெலிந்து தோன்றின. உள்ளரங்க ஹாக்கிக்கான மட்டைகள் அவை! உள்ளரங்க ஆட்டத்தில் பந்தை ஓங்கி அடிக்க விதியில்லை, தள்ளலாம், அவ்வளவே. ஆதலால் அம்மட்டைகள் மெல்லியனவாகச் செய்யப்படுகின்றன. திருப்பி அனுப்புவதற்கு ஏழு நாள் கெடு; அது கடந்துவிட்டிருந்தது. விற்றவர்மேல் முழுப் பழியையும் போட இயலாது. விவரப் பகுதியில் சிறு எழுத்தில் அது உள்ளரங்க வகை என்றே எழுதியிருந்தது. படத்தை மட்டும் பார்த்தவர்கள் நாங்கள். இரண்டு மட்டைகள் ஆகஸ்டு முடியுமுன் விரிசல் கண்டன.

மற்ற மட்டைகளின் கைப்பிடிக்குக் கிரிப் சுற்ற வேண்டியிருந்தது. யாரிடம் போவது? மீண்டும் அண்ணாச்சியிடமே போனோம். மட்டைகளை வாங்கிப் பார்த்தார். தாம் சொன்ன அதே வகை, அதே அளவு. ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது மட்டைக்கும் சுற்றிக் கொடுத்துக் கிரிப்புக்கான விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் ஏதாவது ஏசியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாயிருந்திருக்கும்.

இதைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் பெரும் விவாதம் நடந்தது. ஏழாம் கட்டளையைப் படித்துக்கொண்டிருந்த நேரம். ஒருவருடைய பொருளை எடுத்தால் களவு. ஒருவருடைய நேரத்தையும் அறிவையும் வாங்கிக்கொண்டு அதற்குரிய இலாபத்தை வேறொருவருக்குக் கொடுத்தால் அது என்ன? களவு அன்று என்றனர் சிலர். கடைக்குள் நுழைந்தவரெல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டமா என்று கேட்டனர். நியாயமான கேள்விதான். பார்த்துவிட்டுப் பிடிக்காமல் திரும்புவது எவருக்கும் உரிமை. ஆனால் நாங்கள் பிடிக்காமல் திரும்பவில்லை. அவர் தேர்ந்து கொடுத்ததையே வேறிடத்தில் வாங்கினோம். ஒருவேளை ஒருத்தி தயங்கியபடியே கடைக்குள் போயிருந்தால் மன்னிக்கலாம். நாங்களோ விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணத்தோடுதான் தாளும் எழுதுகோலும் கொண்டுபோனோம். அருட்சகோதரி தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ரூ.350 குறைவாக விற்பவருக்கு அந்த ஒன்றரை மணி நேரச் செலவு இல்லை அல்லவா, அதை யார் கொடுத்தார் என்று மட்டும் கேட்டார்கள்.

இவ்வளவும் படித்த பின் 'ஊர்க்கடையே உத்தமம்' என்று நாங்கள் முழங்கப் போகிறோம் என எண்ணுவீர்கள். இல்லை. ஊர்க் கடைகளைப் பற்றிச் சொல்ல எங்களுக்குக் குறைகள் உண்டு. அவை பெண்பிள்ளைகளின் குறைகள்.

விளையாட்டுக் காலணி வாங்க வேறொரு கடைக்குப் போனோம். நான்காம் எண், ஐந்தாம் எண் என்று கேட்டால், பையன்கள் அளவில் சிறியது இருக்கிறது, பஞ்சு வைத்துப் போட்டுக்கொள் என்றார்கள். பஞ்சு வைத்த காலணியோடு ஓடித் திரும்பினால் கணுக்கால் பிசகும் என்பதை அவர் அறியார் போலும். எங்கள் கோல் கீப்பர் தோழிக்கோ இன்னும் மோசம். தலைக்கவசம், மார்புக் காப்பு, கால் பட்டை, பாதத்துக்கான கிக்கர் என்று அவளுக்கு வேண்டியவை பல. எதுவும் ஊரில் இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒருவர் கேட்டே விட்டார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி முதன்முதல் சேர்க்கப்பட்டபோதே இந்தியப் பெண்கள் நான்காம் இடம் பெற்றவர்கள். 2021இல் டோக்கியோவிலும் நான்காம் இடத்தில் நின்றவர்கள். இன்னும் இந்தக் கேள்வியா? இணையத்தில் தேடும்போது எவரும் அப்படிக் கேட்பதில்லை. அளவைக் குறித்தால் பொருள் வருகிறது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் வளர்த்த தொழில் இது. அங்கே செய்த பொருள் எங்கள் தோழியின் சிற்றூர் வரை வந்து சேர்வதென்றால், அதற்கு இணைய வாணிகத்துக்கு நாங்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். விளையாட்டுக் கடையே இல்லாத ஊர்கள் எத்தனை!

விலைச் சீட்டு ஒட்டாமல் ஆளைப் பார்த்து விலை சொல்வதும், ரசீது கேட்டால் முகம் சுளிப்பதும் சில கடைகளின் வழக்கம். ரசீது இல்லாத பொருள் உடைந்தால் யாரிடம் முறையிடுவது?

இணையக் கடைகளுக்கும் அவற்றுக்குரிய சூழ்ச்சிகள் உண்டு. 'இன்னும் இரண்டு மணி நேரமே' என்று கடிகாரம் ஓடும். மறுநாள் பார்த்தால் அதே கடிகாரம் மறுபடியும் இரண்டு மணியிலிருந்து ஓடும். இத்தகைய பொய் அவசரம் காட்டுவதையும், நாம் கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும், கடைசிப் பக்கத்தில் கட்டணம் ஏற்றுவதையும் ஏமாற்று முறைகள் என்று 2023 நவம்பரில் நடுவணரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடுத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் 13 வகை உண்டு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, முறையீட்டை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெற்றோர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். பொதி வந்த அன்றே பிரித்துப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும். இது நாங்கள் ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம்.

2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது முதல், ஆறாம் வகுப்புத் தங்கைமார் வரை மட்டை கேட்கிறார்கள். அவர்களின் பெற்றோர் எங்களிடம் வழி கேட்கிறார்கள். எங்கள் எண்ணம் இதுதான்: உடம்போடு பொருந்த வேண்டிய மட்டையையும் காலணியையும் அளந்து பார்க்கும் இடத்திலேயே வாங்கலாம்; அளந்தவருக்கு அந்த ரூ.350 உரியது. முடியாத குடும்பம் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடலாம்; இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். பந்து, ஷின் கார்டு, காலுறை போன்றவற்றை எங்கே மலிவோ அங்கே வாங்கட்டும். கோல் கீப்பரின் கவசத்தை இணையத்திலோ, செய்பவரிடமிருந்து நேராகவோ வரவழைப்பதே வழி. இறகுப்பந்து ஆடும் தோழியர் மட்டையை எங்கே வாங்கினாலும் நரம்பு கட்ட ஓர் ஆள் உள்ளூரில் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜனவரியில் நாங்கள் மூவருக்குப் புது மட்டை வாங்க அண்ணாச்சி கடைக்குப் போனோம். சென்ற ஜூனில் செய்ததை எங்கள் அணித் தலைவி வாய்விட்டுச் சொன்னாள். "தெரியும்மா" என்றார் அவர். பிறகு நாங்களும் எங்கள் குறையைச் சொன்னோம்: விலைச் சீட்டு ஒட்ட வேண்டும், ரசீது தர வேண்டும், பெண்பிள்ளைகளின் அளவில் காலணி வேண்டும். ரசீது அன்றைக்கே தந்தார். சென்ற வாரம் கடைப்பக்கம் போனபோது மூன்றாம் எண், நான்காம் எண், ஐந்தாம் எண் காலணிகள் ஜோடி ஜோடியாக மேல்தட்டில் இருந்தன. நான்காம் எண் இரண்டும் விற்றுவிட்டனவாம். ஐந்தாம் எண் ஒரு ஜோடி இன்னும் இருக்கிறது.