மாலை தெரிகிறது, நூல் எங்கே?



முகநூலைத் திறந்தால் அடிக்கடி ஒரு நூல் வெளியீடு நம் கண்ணில் படுகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். மலேசிய மண்ணில் தமிழில் எழுதுவோர் இன்னும் இருக்கின்றனர், சொந்தப் பணத்தைப் போட்டாவது நூலாக்குகின்றனர் என்பதற்கு இது சான்று. ஆனால், அந்தப் பதிவுகளைச் சற்றே உற்றுப் பாருங்கள். மேடை இருக்கிறது. குத்துவிளக்கு இருக்கிறது. பொன்னாடையும் மாலையுமாக டத்தோ ஒருவர் இருக்கிறார். முதல் நூலைப் பெற்றவர், சிறப்பு நூல் பெற்றவர்கள், வரிசையில் நின்று உறையைக் கொடுத்து நூலை வாங்கிச் சென்றவர்கள் என நாற்பது ஐம்பது படங்கள் இருக்கின்றன. நூலுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் இல்லை!

அது சிறுகதைத் தொகுப்பா, கட்டுரைத் தொகுப்பா? யாருக்காக எழுதப்பட்டது? எத்தனை பக்கம்? என்ன விலை? விழாவுக்கு வராத ஒருவர் அதனை எங்கே வாங்குவது? நாற்பது படங்களையும் புரட்டிப் பார்த்தாலும் இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. நம் எழுத்தாளர்களில் பலர் சமூக ஊடகங்களில் தங்களைத்தான் விளம்பரப்படுத்திக்கொள்கின்றனர்; தங்கள் நூலை அன்று. இதனால் இழப்பு அவர்களுக்கு மட்டும் என்றால் நான் இதனை எழுதியிருக்க மாட்டேன். இழப்பு நம் வகுப்பறைப் பிள்ளைகளுக்கு.

விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை

எழுத்தாளர் தம் நூலைத் தாமே எடுத்துச் சொல்வது இழிவு என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லேன். ஒரு காலத்தில் நாளேடுகளின் ஞாயிறு பதிப்புகள் இப்பணியைச் செய்தன. நூல் மதிப்புரை வந்தது. வாசகர் கடிதம் வந்தது. எழுத்தாளர் வாய் திறக்காமலே நூல் ஊருக்குத் தெரிந்தது. 1924ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றே போயிற்று. தமிழ் நூல் விற்கும் கடைகளும் பெரும்பாலும் நகரங்களில்தாம். கம்பாரிலோ குளுவாங்கிலோ இருக்கும் ஒரு பெற்றோருக்கு ஒரு புதிய நூல் வந்திருப்பது எப்படித் தெரியும்? முகநூலும் புலனமும்தான் வழி. ஆகவே எழுத்தாளர் அங்கே வரட்டும், கூவியும் விற்கட்டும். கீரை விற்பவர் கீரையின் பெயரைச் சொல்லித்தான் கூவுகிறார். தமக்குக் கிடைத்த பொன்னாடையின் பெயரைச் சொல்லிக் கூவுவதில்லை. நான் கேட்பது அவ்வளவுதான்.

‘விழா இல்லையென்றால் அச்சுக்கூலியை யார் கொடுப்பார்?’ என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி. உறையில் வரும் பணத்தில்தான் நம் நாட்டில் பல நூல்களின் அச்சுச் செலவு அடைகிறது. விழா நடக்கட்டும். ஆனால், விழாவுக்கு மறுநாள் என்ன செய்கிறீர்கள் என்பதே என் கேள்வி. விழாவோடு நூலின் வாழ்வு தொடங்க வேண்டும். நம்மிடமோ விழாப் படங்களோடு அது முடிந்துவிடுகிறது. மீதிப் படிகள் எழுத்தாளர் வீட்டில் அட்டைப்பெட்டிக்குள் உறங்குகின்றன.

விருப்பக்குறி வாசகர் ஆகாது

ஒரு பதிவுக்கு முந்நூறு விருப்பக்குறிகள் விழுந்தால் முந்நூறு பேர் நூலை அறிந்துவிட்டதாக எழுத்தாளர் மகிழ்கிறார். அவர்கள் யார்? பெரும்பாலும் சக எழுத்தாளர்கள், உறவினர்கள், முன்னாள் மாணவர்கள். இவர் நூலுக்கு அவர் ‘வாழ்த்துகள்’ என்று எழுதுவார். அவர் நூலுக்கு இவர் எழுதுவார். படித்துவிட்டு எழுதியது ஒன்றும் இராது.

முகநூலின் இயக்கமே இவ்வட்டத்தைச் சிறிதாக்குகிறது. யார் பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை அந்நிறுவனத்தின் கணிப்பு முறையே முடிவு செய்கிறது. 2018ஆம் ஆண்டு சனவரியில், நண்பர், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை தரப்படும் என்றும், நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்றும் முகநூல் அறிவித்தது. ஏற்கெனவே நம்மை அறிந்தவர்களிடமே நாம் மீண்டும் மீண்டும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே இதன் பொருள். தெரியாத ஒரு வாசகரிடம் போய்ச் சேர வேண்டுமாயின், தெரிந்தவர் ஒருவர் நூலைப் படித்துவிட்டுத் தம் நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். மாலை படத்தைப் பார்த்து அவர் என்ன பேசுவார்? ‘விழாவில் நல்ல கூட்டம்’ என்பார்!

குழந்தை நூலும் குழந்தையின் படமும்

சிறுவர் நூல்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. நம் தொடக்கப்பள்ளி மாணவர்களின் வயது 7 முதல் 12 வரை. முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் ஆகியவை நெடுங்காலமாக வைத்திருந்த குறைந்தளவு வயது 13. நம் நாட்டில் அதனை 16ஆக உயர்த்தும் முடிவை அரசு 2025ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்தது. ஆகவே சிறுவர் நூலுக்கான பதிவை எந்தச் சிறுவரும் பார்க்கப் போவதில்லை, பார்க்கவும் கூடாது. அதனைப் பார்ப்பவர் தாயும் தந்தையும் ஆசிரியரும். அவர்களுக்கு வேண்டிய செய்தி என்ன? இரண்டாம் ஆண்டுப் பிள்ளை இதைத் தானே படிக்க முடியுமா? எழுத்து பெரிதாக இருக்கிறதா? படங்கள் உண்டா? தோட்டத்துக் கதையா, அடுக்குமாடி வீட்டுக் கதையா? இவற்றுள் எதையும் சொல்லாமல் ‘இளையோரின் அறிவுப் பசிக்கு அரிய விருந்து’ என்று எழுதினால் யார் வாங்குவார்?

அதற்கு மாறாக நாம் காண்பது என்ன? சீருடை அணிந்த பிள்ளைகள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு நூலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கும் படம். பள்ளியின் பெயர் பின்னால் தெரிகிறது. சில படங்களில் சட்டையில் குத்திய பெயர்ப்பட்டையையும் படிக்கலாம். அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் யாரேனும் இசைவு கேட்டார்களா? ஒரு நூலை விற்பதற்குப் பிறர் பிள்ளையின் முகத்தைப் பயன்படுத்தும் உரிமையை எழுத்தாளருக்கு யார் தந்தது? அந்தப் பிள்ளை நூலைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்காது; படம் எடுத்து முடிந்ததும் நூல்கள் திரும்பப் பெட்டிக்குள் போவதும் உண்டு. இதனை அனுமதிக்கும் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் சேர்த்தே சொல்கிறேன்: வேண்டாம்.

புலனக் குழுவில் ஒரு வேண்டுகோள்

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்குப் பத்துப் படி என்று கணக்கிட்டால் ஐயாயிரம் படிகள். இந்தக் கணக்கு எழுத்தாளர் மனத்தில் ஓடுவது இயல்பே. அதனால்தான் ஆசிரியர், தலைமையாசிரியர் புலனக் குழுக்களில் அவ்வப்போது ஒரு செய்தி வந்து விழுகிறது. ஒவ்வொரு பள்ளியும் இத்தனை படிகள் வாங்கித் தமிழை வாழவைக்க வேண்டும் என்று அது கேட்கும். அட்டைப்படமும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும்; ஒரு பக்கம்கூட மாதிரிக்கு இராது. சில வேளைகளில் பெரிய பதவியில் உள்ள ஒருவரின் பரிந்துரையும் உடன் வரும். மறுத்தால் தமிழ்ப்பற்று இல்லாதவர் என்ற பெயர். ஆகவே வாங்கிவிடுகிறோம்.

பிறகு நடப்பதை வள மையத்தில் பணியாற்றும் ஆசிரியர் எவரும் அறிவார். பத்துப் படிகளும் ஒரே நிலைப்பேழையில் பத்தாண்டுகள் நிற்கும். நீலாம் வாசிப்புத் திட்டத்திற்குத் தலைப்பு எழுத வேண்டியிருந்தால் மட்டும் ஒரு பிள்ளை அதன் முதுகைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொள்ளும். அந்த எழுத்தாளருக்கு விற்பனை நடந்தது. ஒரு வாசகர்கூடக் கிடைக்கவில்லை. நன்றாக எழுதப்பட்ட வேறொரு நூலை வாங்குவதற்கு இருந்த பணமும் போயிற்று.

வழி காட்டியவர்கள் உண்டு

அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் 2007ஆம் ஆண்டிலிருந்து தம் தம்பியுடன் யூடியூபில் பேசிவருகிறார். 2011ஆம் ஆண்டு தம் புதிய நாவலை அறிவித்தபோது அதன் முதல் அத்தியாயத்தை அவரே வாசித்துக் காட்டினார். முதற்பதிப்பின் 1,50,000 படிகளிலும் கையொப்பம் இடுவதாகச் சொல்லி, அவ்வாறே இட்டார். ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ என்னும் அந்நாவல் 2012ஆம் ஆண்டு சனவரியில் வெளிவருவதற்கு முன்பே பல்லாயிரம் இளையோர் அதற்காகக் காத்திருந்தனர். அவர்கள் கேட்டது கதையை.

தமிழிலேயே சான்று உண்டு. செயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 சனவரி முதல் 2020 சூலை வரை, ஏறத்தாழ நாள்தோறும் ஓர் அத்தியாயமாகத் தம் இணையத்தளத்தில் இலவசமாக வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள். இலவசமாகப் படித்த பின்னரும் அச்சு நூலை வாங்கினோர் உண்டு. அவருடைய கருத்துகளோடு நீங்கள் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். ஆனால், எழுத்தைக் காட்டினால் நூல் விற்காது என்ற அச்சம் பொய் என்பதற்கு இது போதும்.

மூன்றாவது சான்றில் எழுத்தாளர் ஒன்றுமே செய்யவில்லை. மேட்லின் மில்லரின் ‘தி சாங் ஆஃப் அக்கிலிஸ்’ வெளிவந்தது 2011ஆம் ஆண்டு. அது மிகுதியாக விற்கும் நூல்களின் பட்டியலில் உயர்ந்ததோ பத்தாண்டுகள் கழித்து, 2021இல். காரணம், டிக்டாக்கில் இளைய வாசகர்கள் தாம் படித்து அழுததைத் தாமே சொன்னார்கள். பெரும்புள்ளி எவரும் முதல் நூலைப் பெற்றுக்கொள்ளவில்லை. படித்தவர் பேசினார், பிறர் வாங்கினர்.

எழுத்தாளர்களிடம் ஐந்து வேண்டுகோள்கள்

1. நூலின் ஒரு முழுப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். நல்ல பக்கமாகவே தேர்ந்தெடுங்கள். அதைப் படித்தும் வாங்கத் தோன்றவில்லையென்றால் குறை எங்கே என்று உங்களுக்கே விளங்கும்.

2. இரண்டு நிமிடம் உங்கள் குரலில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். தமிழ் படிக்கத் தடுமாறும் பெற்றோர் பலர் உள்ளனர். அவர்கள் கேட்டுவிட்டுப் பிள்ளைக்கு வாங்குவார்கள்.

3. வயது, பக்கம், விலை, அஞ்சல் செலவு, வாங்கும் வழி ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பதிவிலும் எழுதுங்கள்.

4. பிள்ளைகளின் முகத்தை விட்டுவிடுங்கள்.

5. ஆண்டுக்கு ஐந்து முறையாவது பிறர் நூலைப் படித்து அதைப் பற்றி எழுதுங்கள். குறையையும் சொல்லுங்கள். ‘வாழ்த்துகள்’ என்ற ஒரு சொல்லால் எந்த நூலும் வளர்ந்ததில்லை. வல்லினம் போன்ற இணைய இதழ்கள் நம் நாட்டு நூல்களைக் கறாராகப் பேசியதால் பலருக்குக் கோபம் வந்தது உண்மை. அந்நூல்களைத் தேடிப் படித்தவர்களும் உண்டு.

நம் பங்கு

ஆசிரியர்களே, மாதிரிப் பக்கம் இல்லாமல் வரும் வேண்டுகோளுக்கு ‘ஒரு படி அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று மறுமொழி எழுதுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு படியை வாங்கி வகுப்பில் வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைகள் ‘அப்புறம் என்ன ஆச்சு, சார்?’ என்று கேட்டால் இன்னும் ஒன்பது வாங்குங்கள். கொட்டாவி விட்டால் வாங்காதீர்கள். அவர்களைக் காட்டிலும் நேர்மையான திறனாய்வாளர் இந்நாட்டில் இல்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு தமிழ் நூலை விரும்பிப் படித்தால், பிள்ளையின் படம் இல்லாமல், அந்த நூலின் அட்டையை மட்டும் போட்டு இரண்டு வரி எழுதுங்கள். எந்த இடத்தில் சிரித்தான், எந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாள் என்று எழுதினால் போதும். அதனைக் காணும் இன்னொரு தாய் நூலைத் தேடுவார். மேடையில் பெற்றுக்கொள்ளப்பட்ட முதல் நூலைவிட, உங்கள் வரியைப் படித்து ஒருவர் வாங்கும் அந்த ஒரு நூல் மேலானது. அது கட்டாயம் திறக்கப்படும்.