கடன் வாங்கினோம், மானத்தை அடகு வைக்கவில்லை

மந்தைவெளி பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து. காலை ஆறரை மணி. வீட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் வாசலில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். குழுக் கடனில் இரண்டு தவணை பாக்கி. வீட்டுக்காரர் பெயின்ட் அடிப்பவர். மழைக்காலம், மூன்று வாரமாக வேலை இல்லை. 'பணத்த வெச்சிட்டு அப்புறம் வேலைக்குப் போ' என்றான் ஒருவன். அடுத்தவன் தெருவே கேட்கிற மாதிரி கத்தினான்: 'வாங்கும்போது இனிச்சுதில்ல? உங்க ஜாதிப் புத்தியே இதான்.' குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போகும்போது ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாம் போய்ப் பார்த்தபோது அந்த அக்கா பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'தெருவுல மானம் பூடுச்சி தம்பி. எந்த மூஞ்ச வெச்சிகினு வெளிய வர்றது' என்றுதான் அழுதார்.

வசூல்காரனின் ஆயுதம் எது என்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது. அவன் கையில் கோர்ட் உத்தரவு இல்லை. போலீஸ் அதிகாரம் இல்லை. இருப்பது நம்முடைய கூச்சம் மட்டும்தான். ஆயிரம் வருடமாகச் சாதி நமக்குள் ஏற்றி வைத்திருக்கும் அந்தக் கூச்சத்தை அவன் ஈடாக எழுதி வாங்கவில்லை. எழுதி வாங்காமலேயே ஜப்தி செய்கிறான்.

'அட, கடன் வாங்கினா கட்டணும்தானே' என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். கட்டணும். கட்ட மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. எப்படிக் கேட்பது, எதை எடுப்பது என்பதற்கு வரம்பு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி.

வரம்பு உண்டு. அதுவும் இன்று நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்து 1908ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவைப் படியுங்கள். கோர்ட்டில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அமீனாவோடு வந்தாலும்கூட கடன்பட்டவரின் சமையல் பாத்திரத்தை, பாய் படுக்கையை, உடுத்தும் துணியைத் தொடக்கூடாது. கைத்தொழில் செய்பவரின் கருவிகளைத் தொடக்கூடாது. கூலித் தொழிலாளியின் கூலியையும் வீட்டு வேலை செய்பவரின் சம்பளத்தையும் ஜப்தி செய்யக்கூடாது. அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு, பணக் கடன் தீர்ப்புக்காக எந்தப் பெண்ணையும் கைது செய்யவோ சிவில் சிறையில் வைக்கவோ கூடாது என்கிறது. ஆண்களைப் பற்றியும் 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சொன்னார்: நாணயக் கேடு இல்லாமல், வெறும் வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு விரோதமானது.

அதாவது நீதிபதியே தொட முடியாத குண்டானை, தினக்கூலியை, ஒரு பெண்ணின் சுதந்திரத்தை, மோட்டார் சைக்கிளில் வருகிறவன் தொடுகிறான். 'போலீஸ் வந்து தூக்கிட்டுப் போகும்' என்று அவன் சொல்வது பச்சைப் பொய்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்துவிட்டால் கதை வேறு. காசோலை திரும்பினால் அது குற்ற வழக்கு. வெற்றுக் காசோலையோ வெற்றுப் பத்திரமோ யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நுண்கடன் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் விதி வகுத்தது. தவணை வசூலிக்கும் இடத்தை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையாவது அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது, பாக்கிதாரர் பெயரை வெளியிடுவது எல்லாம் தடை. மற்றக் கடன்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் போட்ட உத்தரவில் காலை 8 முதல் மாலை 7 வரை. பொது இடத்தில் அவமானப்படுத்துவது அதிலும் தடை. அடியாள் வைத்து வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் 2007லேயே கண்டித்துவிட்டது.

சரி, பதிவே இல்லாத தண்டல்காரருக்கு ரிசர்வ் வங்கி விதி எங்கே பொருந்தும்? கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் கடன் என்பார். கையில் தருவது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள். மறுநாளிலிருந்தே அசல் குறைகிறது, வட்டி குறைவதில்லை. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் இவற்றையெல்லாம் பெயர் சொல்லித் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இல் வந்தது. மூன்று வருடம் வரை சிறை, முப்பதாயிரம் வரை அபராதம். எப்போது வந்தது தெரியுமா? சினிமாத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் 2003 மே மாதம் தற்கொலை செய்துகொண்ட பிறகு. அதற்கு முன்னால் செத்த கூலிக்காரர்கள் யாருடைய கணக்கில் வருகிறார்கள்?

சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடும் தீக்குளித்துச் செத்தார். கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்தவர் அவர். சட்டம் புத்தகத்தில் இருந்தது. மனு மேசையில் இருந்தது. 2025இல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க இன்னொரு சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. மிரட்டுவதும், அரசு உதவி பெறும் அட்டைகளைப் பிடுங்குவதும் அதன்படி குற்றம். நல்லது. ஆனால் நம் அனுபவம் சொல்கிறது: தெருவில் ஆள் இல்லாவிட்டால் சட்டம் தெருவுக்கு வராது.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பண்ணையாளைக் கல்யாணக் கடன் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டதைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடன்களையே ரத்து செய்ததையும் பேசியிருக்கிறோம். ஆனால் நம் பக்கத்துச் சந்தில் ஓர் அக்கா வாசலைச் சாத்திக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பது நமக்கு 'குடும்பப் பிரச்சினை'யாகிவிட்டது. அது குடும்பப் பிரச்சினை இல்லை, அரசியல். சேரியின் ஒரே சொத்து ஒருவருக்கொருவர் இருப்பதுதான். குழுக் கடன் அந்தச் சொத்தையே ஜாமீனாக எடுத்துக்கொண்டது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்களை விட்டே அவளைத் திட்ட வைக்கிறது. வசூல்காரனுக்குச் சம்பளம் மிச்சம். நமக்கு உறவு நஷ்டம்.

ஆகவே செய்ய வேண்டியது இவை. வசூலுக்கு வருகிறவனிடம் முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். அவன் தனியாக நிற்கும் பெண்ணிடம் பேசக்கூடாது, நாலு பேர் போய் நில்லுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள். வந்த நேரம், பேசிய பேச்சு, பார்த்த சாட்சி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

நுகர்வோர் என்றால் ஃபேன் ரிப்பேருக்குக் கேஸ் போடும் பென்ஷன்காரர் மட்டும் அல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கடன் கொடுப்பதும் சேவைதான். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. சாதியைச் சொல்லிப் பொதுவெளியில் இழிவுபடுத்தினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நாலு சுவருக்குள் யாரும் பார்க்காமல் பேசியது வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. குழாயடி நாலு சுவர் அல்ல. அங்கே குடத்தோடு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல, சாட்சிகள். அவர்களைச் சாட்சி சொல்ல வைப்பதுதான் இயக்கத்தின் வேலை.

சட்டம் படிக்கும் மாணவத் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன விதிகளை ஒரே தாளில் பேச்சுத் தமிழில் எழுதி ஒவ்வொரு வாசலிலும் ஒட்டுவோம்.

அந்த அக்காவின் ரேஷன் கார்டு திரும்பி வந்துவிட்டது. எட்டு பெண்கள் அவரோடு கம்பெனி அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்தார்கள், அன்று சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். பாக்கித் தவணையைச் சிறிது சிறிதாகக் கட்டுவதாகவும் எழுதிக் கொடுத்தார். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தார்.

ஆசிரியர் குழு