கதாநாயகனுக்கு மட்டும் விலக்கு

‘சைபர்பங்க் 2077’ தேறிவிட்டது என்பது இன்று கேமர்களிடையே ஏறக்குறைய முடிந்துபோன விவாதம். போலந்தின் வார்சா நகரத்தைச் சேர்ந்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம், மூன்று முறை தேதியைத் தள்ளிவைத்து, 2020 டிசம்பர் 10 அன்று இந்த வீடியோ கேமை வெளியிட்டது. வெளியாகும் முன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டியிருந்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றில் வாங்கியவர்களுக்குக் கிடைத்ததோ, அடிக்கடி உறைந்து நிற்கிற, பாதியில் அறுந்துபோகிற, ஆட்களும் கார்களும் அந்தரத்தில் மிதக்கிற ஒரு நகரம். ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்தது. திரும்ப வைக்க ஆறு மாதம் ஆனது. நிறுவனம் விடாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தது. 2022 செப்டம்பரில் இதே உலகத்தை வைத்து நெட்ஃபிளிக்ஸில் ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ என்ற அனிமே தொடர் வந்ததும் கைவிட்டுப் போனவர்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் 2.0 என்ற பெரிய திருத்தமும் ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ என்ற தொடர்ச்சியும் வந்தன. 2025 இறுதிக்குள் விற்பனை மூன்றரைக் கோடியைத் தொட்டுவிட்டது. விழுந்து எழுந்தவர்களின் கதை யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் கேமர்கள் எதை வைத்து இந்தத் தீர்ப்பை எழுதினார்கள் என்று பார்த்தால் எனக்கு நிறைவில்லை. ஐந்தாண்டு விவாதத்தில் திரும்பத் திரும்ப வந்த குறைகள் இரண்டு. ஒன்று, நிரல் பிழைகள். அவை பெரும்பாலும் சரிசெய்யப்பட்டுவிட்டன. மற்றொன்று, நாம் எடுக்கும் முடிவுகளுக்குக் கதையில் மதிப்பில்லை என்பது. தொடக்கத்தில் நாடோடி, தெருப்பிள்ளை, பெருநிறுவன ஊழியர் என மூன்று பின்னணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அரை மணி நேரத்தில் மூன்று பாதைகளும் ஒரே சாலையில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இந்த ஏமாற்றம் நியாயமானதுதான். ஆனாலும் கிளைகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது ஒரு கதையை எடைபோடும் வழியாகாது. கதை சொல்லும் சைபர்பங்க் கேம்களில் பெரும் பணம் போட்டு எடுத்தவற்றின் உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. தம் உலகத்தின் கொடிய சட்டம் என்று அவை எதைக் காட்டுகின்றனவோ, அந்தச் சட்டத்திலிருந்து கதாநாயகனுக்கு, அதாவது கையில் கன்ட்ரோலரை வைத்திருக்கும் நமக்கு, விலக்குக் கொடுத்துவிடுகின்றன.

சைபர்பங்க் என்ற கதைவகை 1980களில் பிறந்தது. 1982இல் ‘பிளேடு ரன்னர்’ திரைப்படம், 1984இல் வில்லியம் கிப்சனின் ‘நியூரோமேன்சர்’ நாவல், 1988இல் அமெரிக்கரான மைக் பாண்ட்ஸ்மித் வடிவமைத்த, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ‘சைபர்பங்க்’ விளையாட்டு. நியான் விளக்கு, ஓயாத மழை, இரும்புக் கை எல்லாம் இந்த வகையின் உடுப்பு. உள்ளே இருப்பது ஒரு கணக்கு: தொழில்நுட்பம் உயர உயர வாழ்க்கை மலிவாகிறது, உடம்பே அடகுப்பொருளாகிறது, மீட்கும் உரிமை பெருநிறுவனத்தின் கையில் இருக்கிறது. பாண்ட்ஸ்மித் இந்தக் கணக்கை விதியாகவே எழுதிவைத்தார். அவருடைய மேசை விளையாட்டில் உடம்பில் ஒவ்வொரு எந்திர உறுப்பைப் பொருத்தும்போதும் மனிதத்தன்மை என்ற எண் குறையும். பிறர் துயரம் உறைக்கும் திறன் தேயும். ஒரு கட்டத்தில் ஆள் புத்தி பேதலித்துக் கொலைகாரனாகிவிடுவார், ஆடுபவர் அவரை இழந்துவிடுவார். அவர் உருவாக்கிய அதே உலகத்தில்தான் 2077உம் நடக்கிறது. கதை நடக்கும் நைட் சிட்டி நகரத்தின் தெருக்களில் அப்படிப் பேதலித்தவர்களை நாம் தேடிப் போய் அடக்குகிறோம். ஆனால் நம் கதாபாத்திரமான ‘வி’ தலை முதல் கால் வரை எந்திரத்தைப் பொருத்திக்கொண்டாலும் அவருக்கு அந்த நோய் வருவதில்லை. 2.0 திருத்தம் எவ்வளவு பொருத்தலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு வைத்தது. அதைத் தாண்ட விரும்புகிறவருக்கும் வழி உண்டு. விலையாக உயிர்ப்பட்டை சற்றுக் குறையும், சண்டையில் வெறி ஏறி பலம் கூடும். ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ தொடரில் டேவிட் என்ற இளைஞனைச் சிதைத்த அதே வியாதி, இங்கே நமக்குக் கூடுதல் ஆயுதமாகிவிட்டது.

இன்னும் இருக்கிறது. ‘வி’யின் தலைக்குள் ஒரு சில்லு. அதில் அரை நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன ராக் பாடகர் ஜானி சில்வர்ஹேண்டின் மனம் பதிவாகியிருக்கிறது; கியானு ரீவ்ஸ் அந்தப் பாத்திரத்துக்கு உருவமும் குரலும் கொடுத்திருக்கிறார். அந்த மனம் ‘வி’யின் மூளையை மெல்ல அழித்து எழுதிக்கொண்டிருக்கிறது. மிஞ்சியிருப்பது சில வாரங்கள் என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். எழுத்தும் நடிப்பும் அபாரம், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குக் கேமில் கணக்கே கிடையாது. நகரம் முழுக்க ஒவ்வொரு பேட்டையாகப் போய்க் குத்துச்சண்டைப் போட்டியில் இறங்கலாம், கார் பந்தயம் ஓட்டலாம், விதவிதமாகக் கார்கள் வாங்கிச் சேர்க்கலாம். நூறு நாள் கழித்து வந்தாலும் சாவு வாசலில் பொறுமையாகக் காத்திருக்கும். வீட்டு வாடகையை யாரும் கேட்பதில்லை. தொடக்கத்தில் விக்டர் என்ற மருத்துவர் கண்ணையும் கையையும் கடனுக்கு மாற்றிக்கொடுக்கிறார். 21,000 யூரோடாலர் பாக்கி. உடம்பின் மேல் கடன் என்பதைவிட இந்தக் கதைவகைக்குப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை. ஆனால் அந்தக் கடனுக்குத் தவணை தேதி கிடையாது, வட்டி கிடையாது, கட்டாமலே கதையை முடித்துவிடலாம். விக்டர் நல்லவர் என்பது கதையின் விளக்கம். கதைக்குள் அது சரிதான். ஆனால் நைட் சிட்டியில் அத்தனை பேரையும் நசுக்கும் கடன், விளையாடுபவரை மட்டும் தொடவே தொடாத அளவுக்கு எல்லோரும் நல்லவர்களாக இருப்பது தற்செயலாக நடப்பதில்லை.

இந்தச் சலுகை சிடி ப்ராஜெக்ட் ரெட்டின் கண்டுபிடிப்பும் இல்லை. 2011இல் வந்த ‘டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்’ 2027ஆம் ஆண்டின் டெட்ராய்ட் நகரத்தில் தொடங்குகிறது. எந்திர உறுப்பு பொருத்தியவர்களின் உடம்பு அதை நிராகரிக்காமலிருக்க நியூரோபோசின் என்ற மருந்தை வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விலை கட்டுப்படியாகாமல் தெருவில் அந்த மருந்துக்காகக் கையேந்துபவர்களைப் பார்த்துக்கொண்டே நாம் நடக்கிறோம். கதாநாயகன் ஆடம் ஜென்சனுக்கோ அந்த மருந்தே தேவையில்லை. அவருடைய மரபணு அப்படி என்று கதை காரணம் சொல்கிறது. அந்தக் காரணமே மர்மத்தின் ஒரு முடிச்சு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அதே கேமில் ஒரு இடம் உண்டு. பொருத்தியவர்கள் எல்லோருக்கும் கோளாறு வருகிறது, மருத்துவமனைக்கு வந்து புதிய சில்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வருகிறது. நம்பிப் போய் மாற்றிக்கொண்டவர், பின்னால் ஒரு முக்கிய எதிரியுடன் மோதும் நேரத்தில் தன் எந்திரத் திறன்கள் அத்தனையும் நிறுவனத்துக்காரர்களின் ஒரு பொத்தானில் அணைவதைப் பார்க்கிறார். சட்டம் ஒரே ஒரு முறை கதாநாயகனையும் தொட்டது. உடம்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைப் பல மணி நேர வசனங்களைவிட அந்தச் சண்டை நன்றாகக் கேட்டது.

சின்னக் கேம்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வெனிசுவேலாவைச் சேர்ந்த சுகேபான் கேம்ஸ் என்ற சிறு குழு 2016இல் வெளியிட்ட ‘வால்ஹல்லா’வில் நாம் ஜில் என்ற பெண், ஒரு மதுக்கடையில் பானம் கலந்து கொடுக்கிறவள். வெளியே ஊர் கொந்தளிக்கிறது. ஜில் கவலைப்படுவது வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும். சம்பளத்தில் அவள் ஆசைப்பட்ட சின்னப் பொருளை வாங்கித் தராவிட்டால் அன்றைய வேலையில் அவளுக்குக் கவனம் சிதறும். வாடிக்கையாளர் கேட்ட பானத்தை அவள் நினைவில் வைத்திருக்க மாட்டாள், நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேமில் உரையாடலில் ஒரு தேர்வுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பானத்தைக் கொடுக்கிறோம், மதுவைக் கூட்டுகிறோமா என்பது மட்டுமே நம் கையில். கிளைகளை எண்ணுகிறவர்களின் அளவுகோலில் இது தேறவே கூடாது. ஆனால் இந்த வகையின் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் கேம்களில் ஒன்று இது. காரணம், ஜில்லுக்கு இருக்கும் தட்டுப்பாடு நமக்கும் இருக்கிறது.

2022இல் கேரத் டேமியன் மார்ட்டின் ஏறக்குறையத் தனியாளாக உருவாக்கிய ‘சிட்டிசன் ஸ்லீப்பர்’ இதை இன்னும் இறுக்கமாகச் செய்கிறது. யாரோ ஒருவர் தன் மனதின் நகலைக் கடனுக்கு ஈடாக நிறுவனத்துக்கு விற்றிருக்கிறார். அந்த நகல் ஓடும் எந்திர உடம்புதான் நாம், எஜமானரிடமிருந்து தப்பி ஒரு பாழடைந்த விண்வெளி நிலையத்தில் ஒளிந்திருக்கிறோம். நிறுவனம் தரும் மருந்து இல்லாமல் போனால் உடம்பு சிதையும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் சில பகடைகள் கிடைக்கும். வேலை, சாப்பாடு, மருந்து எல்லாவற்றுக்கும் அவற்றைத்தான் செலவிட வேண்டும். உடம்பு மோசமாக ஆகப் பகடைகளின் எண்ணிக்கை குறையும். நோயாளியால் அதிகம் உழைக்க முடியாது, உழைக்க முடியாதவருக்கு மருந்து வாங்கக் காசிருக்காது என்ற சுழலை வசனம் சொல்லவில்லை. கேம் அதை நம் விரல் நுனியில் வைக்கிறது. குறை இல்லாமல் இல்லை. பாதிக்கு மேல் கையில் காசு சேர்ந்து இறுக்கம் தளர்ந்துவிடுகிறது என்று விளையாடியவர்களே சொன்னார்கள். அது உண்மை. 2025 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் மன அழுத்தம் ஏறினால் பகடைகளே உடையும் என்று புதிய விதி வந்தது. ரசிகர்களின் குறை எந்த இடத்தில் விழுந்தால் பயன் தரும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பகல் முழுக்க வாடகையும் தவணையும் பார்த்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் விளையாட உட்காருகிறவரிடம் அங்கேயும் தவணையைக் கொண்டுபோய் நீட்டினால் யார் வாங்குவார்கள்? வரலாறும் இந்தக் கட்சிக்குச் சாதகமாகத்தான் பேசுகிறது. 1997இல் வந்த ‘ஃபால்அவுட்’ முதல் பாகம், நிலத்தடிக் குடியிருப்புக்கான தண்ணீர்ச் சில்லைக் கண்டுபிடிக்க 150 நாள் கெடு வைத்தது. பிற்பகுதியில் இன்னொரு கெடுவும் இருந்தது. அது உலகத்தைச் சுற்றிப் பார்ப்பவர்களின் கழுத்தை நெரித்ததால், நிறுவனம் ஒரு திருத்தத்தில் அந்த 500 நாள் கெடுவைப் பதின்மூன்று ஆண்டாக நீட்டியது. கடிகாரம் திறந்த உலகத்துக்குப் பகை என்பதை நானும் ஏற்கிறேன். நான் கேட்பது கடிகாரம் மட்டுமே இல்லை. ஜென்சனின் சில்லு மாதிரி ஒரே ஒரு பொறி. கடன் கட்டாதவரிடம் மாறும் ஒரு மருத்துவரின் முகம். பொருத்தும் உறுப்புக்குக் குறையும் ஒரு குணம். பலசாலியாக இருக்கும் இன்பத்தை இவை எதுவும் பறித்துவிடாது, அதற்கு ஒரு விலைச்சீட்டைத் தொங்கவிடும். சிறு கேம்களால் முடிவது பெரியவற்றால் முடியாது என்பாரும் உண்டு. ஆனால் பாண்ட்ஸ்மித்தின் மேசை விளையாட்டு ஆடுபவர்களுக்கு எந்திரக் கைகளை அள்ளிக் கொடுத்துக்கொண்டேதான் மனிதத்தன்மையைக் கழித்தது. அதை மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் மக்கள் விரும்பித்தான் ஆடுகிறார்கள்.

இன்னொரு மறுப்பும் கேட்கத் தகுந்தது: சலுகைகளை எல்லாம் முடிவில் கதை வசூலித்துவிடுகிறதே என்பது. முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 2077இன் மூல முடிவுகளில் எதிலும் ‘வி’க்கு முழு விடுதலை இல்லை. சிலவற்றில் ஆறு மாத ஆயுள். ஒன்றில் உடம்பு ஜானிக்குப் போகிறது. இன்னொன்றில் மனதைப் பதிவு செய்து பெருநிறுவனத்தின் சேமிப்பில் வைக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். ஃபேண்டம் லிபர்ட்டி சேர்த்த முடிவுதான் கேமர்களை மிக அதிகமாகப் பிளந்தது. அதில் ‘வி’ பிழைக்கிறார். ஆனால் கண் விழிக்கும்போது இரண்டு ஆண்டுகள் போயிருக்கின்றன, சண்டைக்கான எந்த எந்திரத்தையும் அந்த உடம்பு இனி ஏற்காது, நண்பர்கள் தங்கள் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள், விக்டர்கூடத் தன் மருத்துவமனையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு அதன் ஊழியராக இருக்கிறார். முன்பு நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் வீழ்த்திய வகைச் சில்லறை ரவுடிகள் ‘வி’யை அடித்துப் போடுகிறார்கள். இத்தனை மணி நேரம் உழைத்ததற்கு இதுவா கூலி என்று ஒரு தரப்பு கொதித்தது. இதுதான் நேர்மையான முடிவு என்றது மற்றொரு தரப்பு. நான் இரண்டாவது தரப்பு. ஆனால் கொதித்தவர்களின் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது: நூறு மணி நேரம் விலக்குக் கொடுத்துப் பழக்கிவிட்டுக் கடைசி அரை மணியில் சட்டத்தை அமல்படுத்தினால் அது தண்டனையாகத்தான் தெரியும். வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தியிருந்தால் அந்த முடிவு பாக்கிக் கணக்காகத் தெரிந்திருக்கும்.

கேமுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இந்த விலக்கு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கட்டாயக் கூடுதல் வேலை இருக்காது என்று 2019இல் வாக்களித்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிர்வாகம், 2020 செப்டம்பரில் வாரம் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. 2023இல் ஏறக்குறைய நூறு பேரை வேலையிலிருந்து அனுப்பும் அறிவிப்பு வந்தபின் போலந்தில் கேம் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். பெருநிறுவனங்களைச் சாடும் கதையை எழுதியவர்கள், நிரல் எழுதியவர்கள், அந்தக் கதைக்குள்ளேயே வசித்தார்கள். கேமர்களின் விவாதத்தில் இது வந்து போனது. பிழைகளுக்குக் கிடைத்த ஆத்திரத்தில் நான்கில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாங்கிய பொருள் வாக்களித்தபடி இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குபவரின் உரிமை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும், இந்தக் கதை தான் சொல்வதைத் தன் விதிகளிலும் நம்புகிறதா என்று கேட்கும் வேலை பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த பாகத்தின் வேலை தொடங்கிவிட்டது; அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அதற்கென்றே ஒரு கிளையை நிறுவனம் அமைத்திருக்கிறது. நகரம் எவ்வளவு பெரியது, எத்தனை முடிவுகள், எந்த நடிகர் என்ற பேச்சு இப்போதே ஆரம்பம். 1988இல் பாண்ட்ஸ்மித் எழுதிய மனிதத்தன்மை விதி இந்த முறை உள்ளே வருமா என்று கேட்கும் குரல்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. எண்ணிக்கையில் அவை குறைவு. தயாரிப்பாளர்கள் காது கொடுப்பது எண்ணிக்கைக்குத்தான் என்பதால், வடிவமைப்பு இறுகுவதற்கு முன்னால் அந்தக் குரல்கள் கூட வேண்டும்.