‘கல்வரரயன்’ எங்கே இருக்கிறது?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன மாதம் ஒரு தேன் கடை போர்டு பார்த்தேன். பழங்காலக் களை வரட்டுமென்று ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் ஆணி அடித்த மாதிரி குட்டிக் குட்டிப் பாதம். அழகாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்தால் ‘கல்வரரயன் மலைத் தேன்’! பக்கத்தில் நின்ற பெரியவர் “அது எந்த ஊருங்க?” என்றார். மலைக்காரர்.

இந்தப் பாதத்துக்கு ஆங்கிலத்தில் செரிஃப் என்று பெயர். ரோமில் டிராஜன் தூணின் அடியில், கி.பி. 113 வாக்கில் கல்லில் வெட்டிய எழுத்துகளிலேயே அது உண்டு. அங்கே அது நகை. போட்டாலும் ஏ ஏதான், கழற்றினாலும் ஏ ஏதான். தமிழில் அப்படியா? துணைக்கால் அடியில் மொட்டையாக நிற்கும். ரகரத்துக்கு அடியில் ஒரு சாய்ந்த பாதம் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசமே அவ்வளவுதான் சாமி! காலுக்குச் செருப்பு மாட்டினால் அது ‘ர’ ஆகிவிடும். ஓலைச்சுவடியில் காலும் ரகரமும் ஒன்றுபோல் இருந்து, புள்ளியும் இல்லாமல், பதிப்பித்தவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். அச்சு வந்து பிரித்து வைத்ததை கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு மறுபடி ஒட்டுகிறோம். கேட்டால், “விண்டேஜ் சார், இப்ப இதான் டிரெண்ட்.”

விண்டேஜ்தான் வேண்டுமென்றால் நம்மிடம் இல்லையா? கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறுங்கள். கோமுகி அணை, வெள்ளிமலை, கல்வராயன் மலை... ஒவ்வொன்றின் கடைசி எழுத்தும் ஒரு காலத்தில் தலைக்கு மேல் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் அதை விட்டார்; 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு 13 எழுத்துகளை மாற்றியது. பள்ளிப் பிள்ளைக்குச் சுலபமானது. நல்ல காரியம், அதில் எனக்குச் சண்டையே இல்லை. (இதே மலையில் பெரியார் அருவி என்று ஒன்று இருப்பது தனிக் கதை.) ஆனால் பாடப் புத்தகம் வேறு, கடைப் பலகை வேறு. நாலே வார்த்தை எழுதும் இடத்தில் அந்தத் துதிக்கையைத் தூக்கி வையுங்களேன். யூனிகோடில் ‘லை’ எப்போதும் அதே ‘லை’தான், எப்படி வரைவது என்பது எழுத்துரு செய்கிறவர் கையில். பிரஷ் பிடித்த போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகள் பட்டையும் மெலிவும் நிழலும் போட்டு ஜாலம் பண்ணினார்கள். ‘ரா’வை ‘ரர’ ஆக்கவில்லை. அவர்கள் பிழைப்பை ஃபிளெக்ஸ் தின்றுவிட்டது. எழுத்தையாவது மிச்சம் வைக்கலாம்.

தமிழ் எழுத்துரு செய்கிற தம்பிகளுக்கு ஒரு பரீட்சை: ‘கல்வராயன்’ என்று அடித்து, எதிர்ச்சாரியில் நின்று, ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்கிறவர் கண்ணால் பாருங்கள். பாதமே வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வேறெங்கு வேண்டுமானாலும் வையுங்கள், துணைக்காலை விட்டுவிடுங்கள்.

தேன் கடைக்காரரிடமும் சொன்னேன். அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “அட ஆமா சார்! மாத்திடலாம். திரும்ப அடிக்கற காசைத்தான் யார் குடுக்கறது?”