கயிறு கட்டாதீங்க!
ஜூஜுவாடியில் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு புதரோரமா நடக்கும்போது நல்ல பாம்பு கடிச்சா, முதல்ல என்ன செய்வீங்க? கயிறு கட்டுவீங்களா? வேண்டாம்.

நல்ல பாம்பு விஷத்தில் சைட்டோடாக்சின்னு ஒரு சின்னப் புரதம்; சுமார் 60 அமினோ அமிலம்தான். மூணு விரல் மாதிரி மடிஞ்ச இது, விரல்நுனியைச் செல் சவ்வின் கொழுப்புக்குள் செருகி ஓட்டை போடும். கூடவே பாஸ்போலிப்பேஸ் நொதி அந்தக் கொழுப்பையே வெட்டும். இறுகக் கட்டினா விஷம் அங்கேயே தேங்கி, சதை இன்னும் அழுகும்.

விஷமுறிவு மருந்து திரியும் நஞ்சைப் பிடிக்கும். கிழிஞ்ச சவ்வைத் தைக்காது. அதனால ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அந்த மருந்துக்கான விஷத்தை, 1978-ல் உருவான வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிரைப் பணயம் வெச்சு எடுத்துத் தர்றாங்க. நேரத்துக்குப் போகலேன்னா அவங்க உழைப்பும் வீண். காலை அசைக்காம 108-ஐக் கூப்பிடுங்க.

கம்பெனி கேட்ல ஹெல்மெட் போர்டு பக்கத்திலேயே இதையும் எழுதி வைக்கணும்.